மேசைக்குத் திரும்பிய சீட்டு

1947 ஜூன் 20 இரவு. பெவர்லி ஹில்ஸில் ஒரு வீட்டு சோபாவில் உட்கார்ந்து பெஞ்சமின் சீகல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீடு அவருடையது அல்ல. காதலி வர்ஜீனியா ஹில் வாடகைக்கு எடுத்திருந்தது. வெளியே இருட்டில் நின்ற யாரோ ஜன்னல் வழியாக ராணுவத் துப்பாக்கியால் அடுத்தடுத்துச் சுட்டார்கள். தலையில் இரண்டு குண்டு. ஒரு கண் தெறித்து அறையின் மறுபக்கம் போய் விழுந்தது என்பது அந்தக் கொலையைப் பற்றிய பெரும்பாலான விவரிப்புகளில் தவறாமல் வரும் வரி. சீகலுக்கு வயது 41. சுட்டது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை.

உலகத்துக்கு அவர் பக்ஸி சீகல். நியூயார்க் தெருக்களில் ரவுடியாக வளர்ந்து, மேயர் லான்ஸ்கியின் கூட்டாளியாகி, கடைசியில் லாஸ் வேகஸில் ஃப்ளமிங்கோ என்ற சூதாட்ட விடுதியைத் திறந்தவர். கொலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பணம். பத்துப் பதினைந்து லட்சம் டாலரில் முடிய வேண்டிய கட்டடம் 60 லட்சத்தை விழுங்கியது. அதில் பெரும்பகுதி கும்பலின் காசு. கும்பல் கணக்குக் கேட்டது. கதை முடிந்தது.

டிம் பவர்ஸ் 1992-இல் எழுதிய 'லாஸ்ட் கால்' நாவல் வேறு காரணம் சொல்கிறது. சீகல் அமெரிக்க மேற்கின் ராஜா. பட்டப்பெயராக இல்லை, மிகப் பழைய அர்த்தத்தில் ராஜா. அவன் உடம்பு நன்றாக இருந்தால் நிலம் விளையும், அவனுக்குக் காயம் பட்டால் நிலம் காயும். அந்த மாதிரி ராஜாவை ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் கொல்வார்கள்: அடுத்த ராஜா ஆவதற்கு.

'அட போங்கப்பா' என்று இந்த இடத்தில் யாராவது சொன்னால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். டாரட் சீட்டு, போக்கர், மாஃபியா, ஆர்தர் மன்னர் காலத்துத் தொன்மம் என எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிய நாவல் இது. 1993-இல் உலக மிகுபுனைவு விருதும் லோகஸ் விருதும் வாங்கியது. நம் வாசகர்களுக்குப் பவர்ஸின் பெயர் அதிகம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 2011-இல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' படத்தைப் பார்த்திருந்தால், அவருடைய 1987-ஆம் ஆண்டு கடற்கொள்ளை நாவல் ஒன்றிலிருந்து உருவியதன் மிச்சத்தைப் பார்த்திருக்கிறீர்கள். இளம் வயதில் ஃபிலிப் கே. டிக்கின் நண்பர் வட்டத்தில் இருந்தவர். அந்த வட்டத்தில் உட்கார்ந்து எழுந்த ஒருவர் வேறெப்படி எழுதுவார்?

என்னை அவரிடம் இழுத்தது அவருடைய வேலை முறை. வரலாற்றில் பதிவான எதையும் மாற்றுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருக்கிறார். தேதி, இடம், யார் எப்போது எங்கே இருந்தார் எல்லாம் உள்ளது உள்ளபடியே இருக்கும். அந்தத் தகவல்களுக்கு இடையில் விளக்கமில்லாமல் கிடக்கும் ஓட்டைகளை மட்டும் தேடுவார். இந்த மனிதன் ஏன் அன்றைக்கு அந்த ஊருக்குப் போனான்? ஏன் அந்தக் கதவைத் திறந்தே வைத்தான்? அந்த ஓட்டைகளுக்குள்தான் அமானுஷ்யத்தை ஊற்றுவார். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. யாரோ எழுதி, பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமைக் கையில் கொடுத்து, 'இதுல எதையும் மாத்தாத, ஆனா ஏன் இப்படி நடந்துக்குதுன்னு கண்டுபிடி' என்பார்கள். ஒரே வித்தியாசம், எங்கள் வேலையில் கண்டுபிடிக்கும் காரணம் உண்மையாக இருந்தாக வேண்டும். பவர்ஸுக்கு அது பொய்யாக இருக்கலாம், ஆனால் இருக்கிற எல்லாத் தகவலோடும் ஒட்ட வேண்டும். எது கஷ்டம் என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

சீகல் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், பவர்ஸ் வருவதற்கு முன்பே அங்கே ஒரு புராணம் உட்கார்ந்திருந்தது. வெறும் பாலைவனத்தில் ஒருநாள் கார் நின்றது, ஒரு ரவுடிக்கு ஞானோதயம் வந்தது, ஒளிமயமான நகரம் பிறந்தது. 1991-இல் வந்த 'பக்ஸி' படம் இதை இன்னும் ஆழமாகப் பதித்தது. ஆனால் சூதாட்டத்தை நெவாடா மாநிலம் 1931-லேயே சட்டபூர்வமாக்கிவிட்டது. சீகலுக்கு முன்பே, 1941-லும் 1942-லும், அதே நெடுஞ்சாலையில் இரண்டு பெரிய விடுதிகள் வந்துவிட்டன. ஃப்ளமிங்கோவே அவர் தொடங்கியதல்ல. 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' பத்திரிகையின் அதிபர் பில்லி வில்கர்சன் நிலம் வாங்கி, பெயரும் வைத்து, வேலையையும் தொடங்கியிருந்தார். ஆனால் அந்த மனிதரே ஒரு சூதாடி. கட்டடம் கட்ட வேண்டிய பணம் மேசையில் கரைந்தது. கை நீட்டிய இடத்திலிருந்து பணத்தோடு கூடவே சீகலும் வந்தார். கொஞ்ச நாளில் வில்கர்சன் உயிருக்குப் பயந்து பாரிஸ் போய் ஒளிந்துகொண்டார்.

ஆக, புராணத்தில் நிறுவிய ராஜாவாக வருபவர் வரலாற்றில் இன்னொருவனின் அரியணையைப் பிடுங்கியவர். பவர்ஸ் கண்டுபிடித்துப் போட்ட அமானுஷ்ய அடுக்குக்கு இது எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஃப்ளமிங்கோ திறந்த நாள் 1946 டிசம்பர் 26. சீகல் செத்தது ஜூன் 20. சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டுத் திரும்பிய வாரத்தில் கோட்டை திறக்கிறது, வடக்கு எல்லையைத் தொடப்போகும் வாரத்தில் ராஜா சாகிறான். நான் சோதிடம் பார்ப்பவன் இல்லை. ஆனால் நாவலாசிரியனாக இருந்திருந்தால் இந்த இரண்டு தேதியைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருப்பேன்.

இந்த 'நிலத்தோடு பிணைந்த ராஜா' எங்கிருந்து வந்தான் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1890-இல் ஜேம்ஸ் ஃப்ரேசர் 'தங்கக் கொப்பு' நூலின் முதல் பதிப்பை வெளியிட்டார். இத்தாலியில் நேமி என்ற ஏரிக்கரை. அங்கே ஒரு கோயில் பூசாரி, 'காட்டு ராஜா' என்று பட்டம். அவர் கையில் வாளோடு இரவும் பகலும் உலாத்துகிறார், ஏனென்றால் அவரைக் கொல்பவன்தான் அடுத்த பூசாரி. அவரும் முந்தையவரைக் கொன்றுதான் வந்தார். இந்த ஒரு காட்சியை விளக்கத் தொடங்கிய ஃப்ரேசர் கடைசியில் 12 தொகுதிகளில் போய் நின்றார். கேம்பிரிட்ஜை விட்டு அதிகம் நகராமல் உலகத்துச் சடங்குகளையெல்லாம் எழுதிய மனுஷர். இன்றைய மானுடவியலாளர்கள் அவரைத் தொட்டால் கை கழுவுவார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டு இலக்கியம் அவர் இல்லாமல் இல்லை.

அவர் வழியில் 1920-இல் ஜெஸ்ஸி வெஸ்டன் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆர்தர் கதைகளில் 'மீனவ ராஜா' என்று ஒருவர் வருவார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரெத்தியன் த த்ருவா எழுதிய கதையில் அவருக்குத் தொடையில் காயம். எழுந்து நடக்க முடியாமல் படகில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறார். பெர்சிவல் என்ற இளைஞன் அங்கே விருந்தாளியாக வருகிறான், விநோதமான ஊர்வலம் ஒன்றைப் பார்க்கிறான், 'இது என்ன?' என்று கேட்காமல் மரியாதையாக வாயை மூடிக்கொள்கிறான். கேட்டிருந்தால் ராஜா குணமாகியிருப்பார், நாடு பிழைத்திருக்கும். வாயை மூடிக்கொண்டதால் ஒரு நாடே கெட்டது என்கிற கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். வெஸ்டன் இதைப் பழைய வளமைச் சடங்கின் மிச்சம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: கிண்ணம், ஈட்டி, வாள், தட்டு எனும் அந்த ஊர்வலப் பொருள்கள் டாரட் சீட்டின் நான்கு இனங்களோடு உறவுடையவை.

இரண்டே வருஷத்தில் எலியட் 'பாழ்நிலம்' கவிதையில் இதையெல்லாம் எடுத்துப் பயன்படுத்தினார். டாரட் பார்க்கும் ஒரு பெண்ணும் அதில் வருகிறாள். சுவாரசியம் என்னவென்றால், தனக்கு டாரட் சீட்டுக்கட்டின் அமைப்பு சரியாகத் தெரியாது என்று கவிதைக் குறிப்பிலேயே எழுதிவிட்டார். பிறகு 1956-இல் ஒரு உரையில், டாரட்டையும் புனிதக் கிண்ணத்தையும் தேடித் தன் வாசகர்களை வீணாக அலையவிட்டதற்கு வருத்தமும் தெரிவித்தார். வெஸ்டனின் கோட்பாட்டை ஆய்வாளர்கள் அதற்குள் கிட்டத்தட்ட கைவிட்டிருந்தார்கள்.

அதாவது, பவர்ஸ் நாவல் நிற்கும் தூண்களில் ஒன்று 1992-இல் ஏற்கெனவே விழுந்த தூண். இன்னொரு தூணான டாரட்டின் கதை இதைவிட மோசம். எனக்கு இந்த நாவலைவிட அந்தக் கதைதான் பிடித்துப்போனது என்று சொன்னாலும் தப்பில்லை.

பாரிஸ், 1781-இல் அச்சான ஒரு புத்தகம். எழுதியவர் கூர் து ஜெபலன். புராட்டஸ்டன்ட் போதகர், ஃப்ரீமேசன், எல்லா மொழிக்கும் ஆதிமொழி ஒன்று இருந்தது என்று நம்பி அதைத் தேடித் தொகுதி தொகுதியாக எழுதியவர். அதன் எட்டாவது தொகுதியில் ஒரு சம்பவம் சொல்கிறார். தெரிந்த சீமாட்டி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தபோது அவர் சீட்டாடிக்கொண்டிருந்தார். பாரிஸில் அப்போது அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லாத டாரட் ஆட்டம். ஜெபலன் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். கால் மணி நேரத்தில் முழுக்கட்டையும் அலசி, விளக்கி, இது எகிப்தியர்களின் தொலைந்துபோன ஞானப் புத்தகம் என்று அறிவித்துவிட்டார். எகிப்துக்கு அழிவு வந்தபோது பூசாரிகள் தங்கள் ஞானத்தை விளையாட்டு வேஷத்தில் ஒளித்துவைத்தார்களாம். சூதாடிகள் அதை உலகம் முழுக்கச் சுமந்து வந்தார்களாம். 'டார்' என்றால் எகிப்திய மொழியில் வழி, 'ரோ' என்றால் ராஜா, ஆக டாரட் என்றால் ராஜபாதை.

கால் மணி நேரம்! நம்மூர் சொல்லாராய்ச்சி மன்னர்கள்கூட ஒரு வாட்ஸ்அப் பதிவு தட்ட இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அவரை யார் மறுக்க முடியும்? ரொசெட்டா கல் கண்டெடுக்கப்பட்டது 1799-இல். ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தைப் படித்துக்காட்டியது 1822-இல். 1781-இல் எகிப்திய மொழியில் 'டார்' என்றால் என்ன என்று பூமியில் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் நடலாம். ஜெபலன் 1784-இல், மெஸ்மரிடம் காந்த சிகிச்சை எடுத்துக்கொண்ட காலத்தில், இறந்துபோனார். அவர் நட்டது வளர்ந்தது. அல்லியெத் என்ற பாரிஸ்காரர் தன் பெயரைத் திருப்பிப் போட்டு எத்தெய்யா என்று வைத்துக்கொண்டு டாரட்டில் குறி சொல்லும் தொழிலைத் தொடங்கினார். 1850-களில் எலிஃபாஸ் லெவி 22 சிறப்புச் சீட்டுகளை 22 ஹீப்ரு எழுத்துகளோடு முடிச்சுப் போட்டார். 1888-இல் லண்டனில் 'பொன் விடியல்' எனும் மந்திர சங்கம் வந்தது. அதன் உறுப்பினரான வெயிட் திட்டம் கொடுக்க, இன்னொரு உறுப்பினரான பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் 78 படங்களையும் வரைய, 1909-இல் ரைடர் நிறுவனம் ஒரு கட்டை வெளியிட்டது. இன்று நீங்கள் இன்ஸ்டாகிராமில் பார்க்கும் டாரட் பெரும்பாலும் அதுவோ அதன் குட்டியோதான். அவ்வளவு பெரிய வேலைக்கு மிகக் கொஞ்சம் காசுதான் கிடைத்தது என்று பமீலா ஒரு கடிதத்தில் குறைபட்டிருக்கிறார். 1951-இல் கடனோடு செத்தார். கட்டு பல பத்தாண்டுகள் வெயிட், ரைடர் என்ற இரு ஆண் பெயர்களிலேயே விற்றது.

சரி, உண்மையில் டாரட் எங்கிருந்து வந்தது?

அது ஒரு சீட்டாட்டம். அவ்வளவுதான்.

இதை நிறுவியவர் மைக்கேல் டம்மெட். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவப் பேராசிரியர், தர்க்கவியலில் ஃப்ரேகேயைப் பற்றிப் பேசினால் இவர் பெயர் இல்லாமல் பேச முடியாது. அந்த மனிதர் 1980-இல் டாரட் ஆட்டத்தைப் பற்றி 600 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முன்னால் டாரட்டை மந்திர தந்திரத்துக்குப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. ஆட்டம் ஆடியதற்கு மட்டும் பக்கம் பக்கமாக ஆதாரம். 1440-களில் வட இத்தாலியில் தொடங்கியிருக்கிறது. வழக்கமான நான்கு இனச் சீட்டுகளோடு, எல்லா இனத்தையும் வெட்டக்கூடிய படச் சீட்டுகளைத் தனியாகச் சேர்த்தார்கள். போப், மரணம், சக்கரம், நிலா, சூரியன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளுக்கொரு சீட்டு இறக்கி, உயர்ந்த சீட்டு போட்டவர் அள்ளிக்கொள்ளும் ஆட்டம். 28-ஓ 304-ஓ ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

அந்தப் படச் சீட்டுகளுக்கு இத்தாலியில் 'திரியோன்ஃபி', அதாவது வெற்றிகள், என்று பெயர். ஆங்கில 'டிரம்ப்', டச்சு 'த்ரூஃப்', போர்த்துகீசிய 'த்ரூன்ஃபு' எல்லாம் அந்தக் குடும்பத்துச் சொற்கள். எந்தக் கப்பலில் ஏறி வந்தது என்பது எப்படி இருந்தாலும், நாம் தேர்தல் செய்தியில்கூட சர்வசாதாரணமாக எழுதும் 'துருப்புச் சீட்டு' அந்தக் குடும்பம்தான். நாம் சொல்லும் 'இஸ்பேடு' மட்டும் என்ன? மூலத்தில் அது மண்வெட்டி இல்லை. இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் வாளைக் குறிக்கும் சொல். திண்ணையில் உட்கார்ந்து இஸ்பேடு ராணியை இறக்கும் பெரியவர், தெரியாமலேயே டாரட்டின் வாள் இனத்து ராணியைத்தான் இறக்குகிறார்.

இதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாத இடம் ஒன்று உண்டு. டாரட் எகிப்திலிருந்து வரவில்லை. ஆனால் சாதாரணச் சீட்டு எகிப்திலிருந்துதான் வந்தது என்று சொல்ல நிறைய முகாந்திரம் இருக்கிறது. பாரோக்களின் எகிப்து அல்ல, மம்லூக் சுல்தான்களின் எகிப்து. இஸ்தான்புல் தோப்கபி அரண்மனையில் ஒரு மம்லூக் சீட்டுக்கட்டு இருக்கிறது. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனம். போலோ தெரியாத ஐரோப்பியர்கள் மட்டையை வெறும் தடியாக்கிவிட்டார்கள். 'நாயிப்' என்ற அரபுச் சொல் சீட்டுக்குப் பெயராக இத்தாலிக்குள் நுழைந்தது. 1377-இல் ஃப்ளாரன்ஸ் நகரம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் புதிதாக வந்த இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. ஐரோப்பாவில் சீட்டைப் பற்றிய மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று தடை உத்தரவு என்பது பொருத்தம்தானே? ஜெபலன் ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டு, காலத்தையும் ஆளையும் தவறவிட்டார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பூசாரி தேவைப்பட்டார் அவருக்கு. சூதாடிய முஸ்லிம் போர்வீரர்கள் தேவைப்படவில்லை.

டாரட் ஆட்டம் செத்தும் போகவில்லை. பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் ஆடுகிறார்கள். கனவில் சுருட்டு வந்தாலும் குச்சி வந்தாலும் அர்த்தம் சொன்ன சிக்மண்ட் ஃபிராய்ட், சனிக்கிழமை மாலைகளில் நண்பர்களோடு டாரக் ஆடுவார். குறி பார்க்கவில்லை. ஆடினார்.

இப்போது 'லாஸ்ட் கால்' நாவலுக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வைத்துப் பார்க்கும்போதுதான் பவர்ஸ் செய்த காரியம் எனக்குப் புரிந்தது.

கதை சுருக்கமாக: சீகலைக் கொன்று ராஜாவான ஜார்ஜ் லியோன் என்பவன் சாகாமல் இருக்க வழி கண்டுபிடிக்கிறான். பிள்ளைகளின் உடம்புக்குள் தன்னை ஏற்றிக்கொள்வது. சின்ன மகன் ஸ்காட் தப்பிக்கிறான், ஆனால் அப்பா வீசிய டாரட் சீட்டின் விளிம்பு வெட்டி ஒரு கண் போகிறது. ஆஸி என்ற வயதான போக்கர் ஆட்டக்காரர் அவனை எடுத்து வளர்க்கிறார், ஆட்டமும் கற்றுக்கொடுக்கிறார். 1969-இல், ஆஸி எவ்வளவோ தடுத்தும், ஸ்காட் லாஸ் வேகஸ் பக்கத்து மீட் ஏரியில் ஒரு படகுவீட்டில் நடக்கும் ஆட்டத்துக்குப் போகிறான். ஆட்டத்தின் பெயர் 'அஸம்ப்ஷன்'. டாரட் சீட்டால் ஆடும் போக்கர். கையில் இருக்கும் நான்கு சீட்டை ஏலம் விடலாம். வாங்குபவர் தன் நான்கோடு சேர்த்து எட்டாக்கி ஆடுவார். விற்றவருக்கு, ஜெயித்தால், பத்தில் ஒரு பங்கு. ஸ்காட் விற்கிறான், காசு வாங்குகிறான். 21 வருஷம் கழித்து, 1990-இல்தான் தெரியவருகிறது, அன்றைக்கு விற்றது சீட்டை அல்ல, தன் உடம்பை. வாங்கியது வேறு உடம்பில் உட்கார்ந்திருந்த அப்பா.

தலைப்புக்கும் இரண்டு பக்கம் உண்டு. மதுக்கடை மூடும் முன் 'கடைசி ரவுண்டு, யாருக்கு வேணும்?' என்று கேட்பது ஒன்று. போக்கரில் எதிராளி வைத்த பந்தயத்துக்கு ஈடு வைத்துச் சீட்டைக் காட்டச் சொல்வது இன்னொன்று. ஸ்காட் குடிகாரன், சூதாடி. இரண்டும் அவனுக்குப் பொருந்தும்.

இருநூறு வருஷமாக மந்திரவாதிகள் டாரட்டைச் சூதாட்ட மேசையிலிருந்து பிரிக்கப் பாடுபட்டார்கள். ஜெபலன் அந்தச் சீமாட்டியின் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து இது தொடங்குகிறது. சீட்டைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தார்கள், பணம் வைத்து ஆடுவதை இழிவு என்றார்கள். பவர்ஸ் பட்டுத்துணியைப் பிரித்துச் சீட்டைத் திரும்ப மேசைமேல் போட்டார். அவருடைய டாரட் எகிப்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மேசையைச் சுற்றி 13 பேர், நடுவில் பணம், புகை, வியர்வை. சீட்டு புனிதமானது என்பதால் அதற்குச் சக்தி இல்லை. பணயம் வைப்பதால்தான் சக்தி. வரலாற்றுப்படி பார்த்தால், டாரட்டை வைத்து எழுதிய மிகையான கற்பனைக்காரர், டாரட்டைப் பற்றி உண்மை பேசியவர்களை விட டம்மெட்டுக்கு நெருக்கமாக நிற்கிறார்.

நாவலில் எனக்கு மிகப் பிடித்தவர் ஆஸி. மேசையில் இருக்கும் மதுவின் மட்டம் கோப்பைக்குள் சாய ஆரம்பித்தால், சிகரெட் புகை மேசை நடுவில் கூடினால், கையில் என்ன சீட்டு இருந்தாலும் மடக்கிப்போட்டு எழுந்துவிட வேண்டும் என்பது அவருடைய பாடம். எல்லாப் பழைய சூதாடிகளுக்கும் இந்த மாதிரி ஏதாவது இருக்கும். பவர்ஸ் அதை இயற்பியல் விதி மாதிரி எழுதுகிறார். ஸ்காட்டின் பக்கத்து வீட்டு நண்பன் மவ்ரானோஸுக்குப் புற்றுநோய். நிகழ்தகவு குழம்பித் தலைகீழாகும் ஓர் இடத்தை லாஸ் வேகஸில் கண்டுபிடித்து அங்கே போய் நின்றால் நோய் போய்விடும் என்று நம்புகிறான். புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு அற்புதத்தைத் தேடும் அந்த மனிதனைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பறையில் உட்கார்ந்து, பிழைக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று போனில் தேடியவர்கள் யாராலும் முடியாது.

இதே 1992-இல் பேயர், டயாகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்துக் கோத்துக் கலைக்கும் முறையில், ஏழு முறை கலைத்தால்தான் உருப்படியாகக் கலையும் என்பது அதன் பிரபலமான முடிவு. அதற்குக் குறைவாகக் கலைத்தால் பழைய வரிசையின் ஞாபகம் கட்டுக்குள் மிச்சமிருக்கும். டயாகோனிஸ் சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடி, மேஜிக் நிபுணர் ஒருவரோடு ஊர் சுற்றியவர். நன்றாகக் கலைந்த கட்டின் வரிசைகள் மொத்தம் எட்டுக்குப் பின்னால் 67 சைபர் போட்ட அளவு. நீங்கள் அடுத்த முறை ஒழுங்காகக் கலைத்து வைக்கும் கட்டின் வரிசை உலகத்தில் இதுவரை வந்திருக்க வாய்ப்பே இல்லை. மூளைக்கு இது தாங்காது. அர்த்தமில்லாத, முன்பின் இல்லாத ஒன்று கையில் வந்து விழுகிறது, அதில் உன் மாதச் சம்பளம் இருக்கிறது என்றால், மனசு ராஜாவையும் ராணியையும் சாபத்தையும் கூப்பிடாமல் என்ன செய்யும்? சகுனி, நளன் என்று நமக்கும் பட்டியல் நீளம்.

விடுதிக்காரர்களுக்கு இந்த மனசுக் குழப்பம் எதுவும் கிடையாது. அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஜெயித்தால் ஒன்றுக்கு 35. வைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் விடுதிக்கு. ராஜா யார், காயம் எங்கே என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஃப்ளமிங்கோவே முதல் வாரங்களில் நஷ்டப்பட்டு, ஜனவரி கடைசியில் மூடி, 1947 மார்ச்சில் மறுபடி திறந்த பிறகுதான் தேறியது. சீகல் செத்தார், சக்கரம் நிற்கவில்லை.

நாவலில் குறையே இல்லையா? இருக்கிறது. நடுப்பகுதியில் அரியணைக்கு ஆசைப்படும் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று நான் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஸ்காட்டின் வளர்ப்புத் தங்கை டயானாவுக்கு நிலவோடும் தாய்மையோடும் ஒட்டிய ராணிப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, மனுஷியாக இருக்க அதிக இடம் கொடுக்கவில்லை. ஃப்ரேசரை நம்பிக் கதை எழுதினால் பெண்கள் இப்படித்தான் மண்ணாகவோ நிலாவாகவோ ஆகிவிடுவார்கள்.

இன்னொரு கேள்வியும் எனக்கு இருந்தது. பவர்ஸ் செய்வதும் ஜெபலன் செய்ததும் ஒன்றுதானா? இரண்டு பேரும் ஓட்டையைப் பார்த்துக் கதையை ஊற்றினார்கள். போலி வரலாறு நம் போனில் காலை வணக்கத்தோடு வந்து விழும் காலத்தில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. என் பதில், பவர்ஸ் அட்டையில் 'நாவல்' என்று போட்டிருக்கிறார் என்பது மட்டும் அல்ல. ஜெபலன் சொன்னதைக் கேட்ட பிறகு உங்களுக்கு இத்தாலி தெரியாமல் போகும், மம்லூக்குகள் தெரியாமல் போவார்கள், ஆடிய மனிதர்கள் எல்லாரும் ஞானம் தெரியாத மடையர்கள் ஆகிவிடுவார்கள். பவர்ஸைப் படித்த பிறகு நான் வில்கர்சனைத் தேடிப் படித்தேன், மீட் ஏரியைத் தேடிப் படித்தேன், ஹூவர் அணையைத் தேடிப் படித்தேன். அணையின் காங்கிரீட்டுக்குள் தொழிலாளிகள் புதைந்து கிடக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அது பொய், மெல்லிய அடுக்குகளாகத்தான் ஊற்றினார்கள். ஆனால் யாரும் கட்டிவிடாத ஒன்று ஆவணத்தில் இருக்கிறது. அணைத் திட்டத்தின் தொடக்கக் கட்ட ஆய்வின்போது ஆற்றில் மூழ்கிச் செத்தவர் டியர்னி என்ற ஊழியர், ஒரு டிசம்பர் 20. கட்டுமானத்தின் கடைசிச் சாவு 1935-இல், அதே டிசம்பர் 20. செத்தது டியர்னியின் மகன்.

லாஸ் வேகஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள். அந்தப் பள்ளத்தாக்கில் ஊற்றுகள் இருந்தன. தென் பயூட் மக்கள் அதை நம்பிப் பல நூற்றாண்டு வாழ்ந்தார்கள், பிறகு ரயில் கம்பெனி அந்தத் தண்ணீருக்காகவே 1905-இல் அங்கே மனை போட்டு ஏலம் விட்டது. ஆழ்குழாய் போட்டு உறிஞ்சி உறிஞ்சி, 1962-இல் ஊற்று நிலத்துக்கு மேலே வருவதை நிறுத்திக்கொண்டது. அதன்பின் ஊர் மீட் ஏரியை நம்பியது. 2022 ஜூலையில் அந்த ஏரி, 1937-இல் முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. கரையோரப் பாறையில் பழைய நீர்மட்டம் வெள்ளைப் பட்டையாகத் தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

அதே ஆண்டு மே 1 அன்று, தண்ணீர் விலகிய சேற்றில் துருப்பிடித்த ஒரு பீப்பாய் தெரிந்தது. உள்ளே ஒரு மனிதனின் எலும்புகள். சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். 1970-களின் நடுவிலிருந்து 80-களின் தொடக்கத்துக்குள் நடந்திருக்கும் என்று போலீஸ் சொன்னது. அவன் காலில் இருந்த ஷூவை வைத்துத்தான் அந்தக் காலத்தைக் கணித்தார்கள்.